நின்றவர் கணக்கும் அனுப்பியவர் கணக்கும்



எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு முதல் பூசைக்குத் தவறாமல் வருவார். கடைசித் தூணருகே, யாரோ ஆணையிட்டு நிறுத்தியதுபோல், நிமிர்ந்து நிற்பார். அதிகம் பேசாதவர். 2025 ஜனவரித் திங்களின் இறுதியில், கிழக்குக் காங்கோவிலுள்ள கோமா நகரம் ‘எம்-23’ எனும் கிளர்ச்சிப் படையின் கையில் வீழ்ந்தது என்னும் செய்தி நாளேட்டின் உட்பக்கமொன்றில் சிறியதாக வெளிவந்தது. அன்று மாலை அந்த ஏட்டை நான்காக மடித்துக் கையில் பிடித்தவாறு அவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பு ஐக்கிய நாடுகள் சபையின் நீலத் தொப்பியை அணிந்து, அந்நகரை அடுத்த ஊர்களில் அவர் பணியாற்றியவர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“சாமி, நாங்கள் அங்கே போய் நின்றதெல்லாம் வீண்தானா?” என்று கேட்டார்.

ஆறுதலாக ஏதோ சொன்னேன். ஆறுதலைத் தேடி வந்தவரல்லர் அவர். விடையைத் தேடி வந்தவர். என் விடையில் விடை இல்லை என்பதை அவர் முகமே காட்டிற்று. அதன்பின் கிடைத்த நூல்களையும் அறிக்கைகளையும் பல திங்கள் படித்தேன். பன்னாட்டு அமைதிப் பணிகள் உண்மையில் பயன் தருகின்றனவா? பயனை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? இத்திங்கள் இப்பக்கத்தில் அதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

அமைதிப்படை என்றதும் நம்மவர் நினைவு 1987-ஆம் ஆண்டுக்கும் ஈழத்துக்கும் ஓடும் என்பதை அறிவேன். அது இரு அரசுகளின் உடன்படிக்கைப்படி ஒரே நாடு அனுப்பிய படை. பாதுகாப்பு சபையின் ஆணையின்கீழ்ப் பல நாட்டவர் கூடிச் செல்லும் பணியன்று. அதன் கதை தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே அதைத் தொடவில்லை.

நீலத் தொப்பிக்காரர் என்னும் ஏற்பாடே ஐ.நா. சாசனத்தில் ஓரிடத்திலும் சொல்லப்படாதது. 1948-இல் பாலஸ்தீனத்தில் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கச் சென்ற சில அதிகாரிகளோடு அது தொடங்கிற்று. 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போது, கனடா நாட்டு அமைச்சர் லெஸ்டர் பியர்சனும் பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷீல்டும் முதன்முதலாக ஒரு படையையே அமைத்தனர். சண்டையிட்ட தரப்பினரின் சம்மதத்தோடு செல்வது, பக்கம் சாயாதிருப்பது, தற்காப்புக்கன்றி ஆயுதத்தைப் பயன்படுத்தாதிருப்பது என்பவை அன்று வகுத்த நெறிகள். எதிரி என்று எவருமே இல்லாத படை! போர்க்கலை பயின்ற எந்தத் தளபதியும் சிரித்திருப்பார். ஆயினும் அன்று முதல் இன்றுவரை நீலத் தொப்பியோடு உயிர்நீத்தோர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் அதிகமானோர் இந்தியர். ஹாமர்ஷீல்டே 1961 செப்டம்பரில், காங்கோ நெருக்கடியைத் தீர்க்கச் சென்ற வழியில், நிடோலா அருகே விமானம் விழுந்து மாண்டார்.

இனி அளவுகோலுக்கு வருவோம். நாளேடு படிக்கும் நாம் எதை அறிகிறோம்? ஒரு நகரம் வீழ்ந்தால் அறிகிறோம். வீழாத நகரத்தைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அமைதிப் படை சென்ற நாடுகளிலெல்லாம் கலகமும் சாவும் மிகுதியாயிருப்பதைக் கண்டு, “இவர்கள் போன இடம் உருப்பட்டதா?” என்று கேட்கிறோம். இது, சிற்றூர் மருந்தகத்தைவிட மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரியில் அதிகம் பேர் சாகிறார்கள், ஆகவே மருந்தகத்துக்குப் போவதே நலம் என்று முடிவு கட்டுவதைப் போன்றது. பிழைப்பது அரிது என்ற நோயாளியைத்தானே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்! அதுபோல, எளிதில் அடங்காத சண்டைகளுக்கே நீலத் தொப்பி அனுப்பப்படுகிறது.

அமெரிக்கப் பேராசிரியை வர்ஜீனியா பேஜ் ஃபோர்ட்னா என்பார் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு, உள்நாட்டுப் போர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராய்ந்து, 2008-இல் ஒரு நூல் வெளியிட்டார். அமைதிப் படை சென்ற இடங்களில் மீண்டும் போர் மூளும் வாய்ப்பு பாதிக்கும் கீழாகக் குறைகிறது என்பது அவர் கண்ட முடிவு. 2013-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, படைவீரரும் காவலரும் போதிய எண்ணிக்கையில் சென்ற இடங்களில் பொதுமக்கள் கொல்லப்படுவது குறைகிறது என்று காட்டியது. வெறும் பார்வையாளரை மட்டும் அனுப்பினால் அப்பயன் கிட்டுவதில்லை என்பதையும் அது சேர்த்தே சொல்லிற்று. எண்களைக் கண்டு மயங்குபவன் அல்லன் நான். ஆயினும், “ஒன்றுக்கும் உதவாத வேலை” என்று தேநீர்க் கடையில் தீர்ப்புச் சொல்வோர்க்கு இவை போதிய மறுமொழி.

ஆனால் சராசரி என்பது எந்த ஒருவருடைய வாழ்வும் அன்று. ஆப்பிரிக்காவில், ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே பாதுகாப்பு சபை அனுப்பிய இரு பணிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குச் சற்று வெளிச்சம் கிடைத்தது. ஒன்று மொசாம்பிக், மற்றொன்று ருவாண்டா.

மொசாம்பிக்கில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டுப் போர் நடந்தது. போரிலும் அது கொணர்ந்த பஞ்சத்திலும் மடிந்தோர் பத்து இலட்சம் வரை இருக்கும் என்பர். அப்போரை முடித்த பேச்சுவார்த்தை நடந்த இடம் எந்த வல்லரசின் மாளிகையும் அன்று. உரோமை நகரில் சான் எஜிதியோ என்னும் பொதுநிலையினர் குழுவினரின் இல்லம். 1990 ஜூலையில் தொடங்கி இரண்டாண்டுகளுக்கு மேல் அது நீண்டது. அக்குழுவை நிறுவிய அந்திரேயா ரிக்கார்தி, அப்போது இளங்குருவாயிருந்து இன்று கர்தினாலாக உயர்ந்துள்ள மத்தேயோ சூப்பி, பெய்ரா நகரப் பேராயர் ஜெய்மி கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயெல்லி ஆகிய நால்வரும் நடுவராய் அமர்ந்தனர். 1992 அக்டோபர் 4 அன்று, அசிசி நகர்ப் புனிதரின் திருநாளில், அதிபர் ஷிசானோவும் ரெனாமோ கிளர்ச்சியாளரின் தலைவர் தக்லாமாவும் கையொப்பமிட்டனர்.

கையொப்பத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அங்கோலாவில், இரு தரப்புப் படைகளும் ஆயுதத்தை முழுமையாகக் கீழே வைக்கும் முன்பே தேர்தல் நடந்தது. தோற்றவர் மறுபடியும் துப்பாக்கியை எடுத்தார். போர் முன்னிலும் கொடிதாயிற்று. அங்கே இருந்த ஐ.நா. பணியோ மிகச் சிறியது. அந்தச் சூட்டின் வடு ஆறுமுன் மொசாம்பிக்குக்குத் திட்டமிட்டார்கள். ஏறத்தாழ 6,500 வீரர்கள் வரை அனுப்பப்பட்டனர். பணியின் தலைவரான ஆல்தோ அயெல்லோ என்னும் இத்தாலியர், முதலில் படைகளைக் கலைப்பது, பிறகே தேர்தல் என்பதில் உறுதியாய் நின்றார். தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனாலும் அவர் கவலைப்படவில்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போராளிகள் முகாம்களுக்கு வந்து ஆயுதத்தை ஒப்படைத்தனர். வீடு திரும்பிய அவர்களுக்கு இரண்டு ஆண்டு காலம் பணம் வழங்கப்பட்டது. காட்டில் வாழ்ந்த கிளர்ச்சியாளர் அரசியல் கட்சியாக மாறுவதற்கென்று உலக நாடுகள் தனி நிதியே திரட்டிக் கொடுத்தன. “கொலைகாரர்களுக்குப் பணமா?” என்று பலர் முகம் சுளித்தனர். நானும் முதலில் படித்தபோது சுளித்தேன். ஆனால் அந்தப் பணம் மற்றொரு போரைவிட மலிவானது.

1994 அக்டோபர் 27-இல் வாக்குப்பதிவு தொடங்க இருந்த நேரத்தில், தக்லாமா தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். அங்கோலா மீண்டும் நிகழப்போகிறது என்று உலகம் மூச்சடக்கி நின்றது. தூதர்களும் அண்டை நாட்டுத் தலைவர்களும் ஐ.நா. அதிகாரிகளும் அவரைச் சூழ்ந்து பேசி மனம் மாற்றினர். வாக்குப்பதிவை ஒரு நாள் நீட்டினர். தோற்றார், ஆயினும் காட்டுக்குத் திரும்பவில்லை. அவ்வாண்டு இறுதியில் நீலத் தொப்பிக்காரர் புறப்பட்டனர். அண்டை நாடுகளில் அடைக்கலம் புகுந்திருந்த பதினேழு இலட்சம் மக்கள் ஊர் திரும்பினர். பின்னாளில், 2013-க்குப் பிறகு, மீண்டும் பூசல்கள் எழுந்தன; 2019-இல் மற்றோர் உடன்படிக்கை வேண்டியிருந்தது; வடக்கே கபோ தெல்காதோவில் 2017 முதல் வேறொரு கொடுமை தொடங்கிற்று. ஆனாலும் இருபது ஆண்டுகள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் துப்பாக்கிச் சத்தம் கேளாமல் பள்ளிக்குச் சென்றார்கள்.

இனி ருவாண்டா. எழுதவே கை கூசுகிறது.

அங்கும் உடன்படிக்கை இருந்தது. 1993 ஆகஸ்டில் அருஷாவில் ஒப்பமிடப்பட்டது. அக்டோபர் 5-இல் பாதுகாப்பு சபை படை அனுப்பத் தீர்மானித்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் சோமாலியாவின் மொகதிசுவில் பதினெட்டு அமெரிக்க வீரர்கள் மாண்ட சண்டை தொடங்கியிருந்தது. ஆப்பிரிக்காவில் இனி எதிலும் தலையிட வேண்டா என்னும் மனநிலையில் இருந்தவர்கள் அனுப்பிய படை அது. ஏறத்தாழ 2,500 பேர். போதிய வண்டியும் மருந்தும் இல்லை. தளபதி கனடா நாட்டு ரோமியோ டலேர். 1994 ஜனவரி 11 அன்று அவர் நியூயார்க்குக்கு ஒரு தந்தி அனுப்பினார்: ஆயுதங்கள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன, துட்சி மக்களை அழிக்கப் பட்டியல் தயாராகிறது, கைப்பற்ற முனைகிறேன் என்று. உமக்கு அந்த அதிகாரம் இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி.

ஏப்ரல் 6-இல் அதிபரின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் பெல்ஜிய வீரர் பத்துப் பேரைக் கொன்றார்கள். பெல்ஜியம் தன் படையைத் திருப்பி அழைத்தது. கிகாலி நகரில் சலேசியர் சபையினர் நடத்திய தொழிற்பள்ளியில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர், வாயிலில் நின்ற பெல்ஜிய வீரரை நம்பித் தஞ்சம் புகுந்திருந்தனர். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் வண்டியேறினர். வெளியே அரிவாளோடு காத்திருந்தோர் உள்ளே நுழைந்தனர். ஓடியவர்களையும் பிடித்து நியான்சா என்னும் மேட்டுக்கு நடத்திச் சென்று கொன்றனர். பத்து நாள் கழித்து, ஏப்ரல் 21-இல், பாதுகாப்பு சபை கூடி என்ன செய்தது தெரியுமா? படையை 270 பேராகக் குறைத்தது. அந்தச் சபையின் தேர்வுபெற்ற உறுப்பினர்களில் ஒன்றாக, கொலை செய்த அரசின் பிரதிநிதியே அமர்ந்திருந்தார். நூறு நாட்களில் மாண்டோர் ஏறத்தாழ எட்டு இலட்சம்.

ஐ.நா.வைக் குறை கூறும்போது நம் முகத்தையும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். நியாருபுயேயிலும் நதராமாவிலும் மக்கள் வெட்டப்பட்டது நம் ஆலயங்களுக்குள்ளே. வெட்டியவர்களில் திருமுழுக்குப் பெற்றோர் இருந்தனர். உதவிய குருக்களும் இருந்தனர். 2017 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் அதற்காக மன்னிப்பு வேண்டினார்.

ஆனால் என் ஹவில்தாருக்கு நான் சொல்ல விரும்பியது இதன்பின் நடந்ததை. 270 என்று ஆணை வந்தும், டலேரும் அவருடைய துணைத் தளபதியான கானா நாட்டு ஹென்றி அன்யிடோஹோவும் ஏறத்தாழ 450 பேரை நிறுத்திக்கொண்டனர். பெரும்பாலோர் கானா நாட்டவர். விளையாட்டரங்கிலும் மருத்துவமனையிலும் ஒதுங்கியிருந்த பல்லாயிரம் மக்களைக் கடைசிவரை அவர்கள் காத்தனர். செனகல் நாட்டுக் காப்டன் எம்பாயே தியாங் என்பார், ஆயுதமில்லாப் பார்வையாளர். ஒரு வண்டியில் நாலைந்து பேராகத் துட்சி மக்களை ஏற்றிக்கொண்டு, சாலைத் தடைகள்தோறும் கொலைகாரர்களிடம் சிரித்துப் பேசியும் சிகரெட் கொடுத்தும் கடந்து, நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றினார். மே 31-இல் ஒரு பீரங்கிக் குண்டு அவரைக் கொன்றது. ருவாண்டாப் பணி தோல்வி என்பதில் எவர்க்கும் ஐயமில்லை; 1999-இல் வந்த ஐ.நா.வின் சொந்த விசாரணை அறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. தியாங்கின் வண்டியில் ஏறிப் பிழைத்தவரிடம் போய் அத்தீர்ப்பை அப்படியே படித்துக் காட்ட முடியுமா?

இங்கேதான் இரண்டு கணக்குப் புத்தகம் வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. அனுப்பியவர்களின் கணக்கு ஒன்று. நின்றவர்களின் கணக்கு வேறொன்று. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவதால்தான் நமக்குக் குழப்பம் வருகிறது.

அனுப்பியவர்களின் கணக்கில் பொஸ்னியாவைப் பாருங்கள். 1993 ஏப்ரலில் ஸ்ரெப்ரெனிட்சா பாதுகாப்புப் பகுதி என்று தீர்மானம் நிறைவேறியது. அத்தகைய பகுதிகளைக் காக்க 34,000 வீரர் வேண்டும் என்று படை அதிகாரிகள் கேட்டனர். சபை ஒப்புக்கொண்டது 7,600. பாதுகாப்பு என்ற சொல்லை நம்பி மக்கள் அங்கேயே தங்கினர். 1995 ஜூலையில் சில நூறு நெதர்லாந்து வீரர்கள் பார்த்திருக்க ஊர் வீழ்ந்தது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவரும் கொல்லப்பட்டனர். காக்க முடியாத இடத்துக்குக் காப்பு என்று பெயரிடுவது, ஒன்றும் செய்யாதிருப்பதைவிடக் கொடிது. சைப்பிரசிலோ மறுபுறம்: 1964 முதல் நீலத் தொப்பி நிற்கிறது, நம் ஜெனரல் திம்மையா அங்கே தளபதியாயிருந்தபோதே 1965-இல் காலமானார். 1974-க்குப் பிறகு பெரும்போர் இல்லை, தீர்வும் இல்லை. இரத்தம் நின்றதால் எவர்க்கும் அவசரமில்லாது போயிற்று. இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? அங்கே பிள்ளை வளர்த்த தாயைக் கேட்டால் வெற்றி என்பாள் என்றே நான் எண்ணுகிறேன்.

நின்றவர்களின் கணக்கிலும் கறை உண்டு, மறைக்கலாகாது. ஹெயிட்டி நாட்டில் 2010 அக்டோபரில், நேபாள நாட்டுப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து வாந்திபேதி பரவியது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். ஐ.நா. தலைமை மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் வரை ஆயிற்று. காங்கோவில் பசியோடிருந்த சிறுமிகளை உணவு காட்டிச் சீரழித்த நீலத் தொப்பிக்காரரைப் பற்றி, 2005-இல் ஜோர்தான் நாட்டு இளவரசர் சையத் அறிக்கை எழுதினார். குற்றம் செய்த வீரனைத் தண்டிக்கும் அதிகாரம் ஐ.நா.வுக்கு இல்லை, அவனுடைய நாடே தண்டிக்க வேண்டும். பல நாடுகள் ஊருக்கு அழைத்துக்கொண்டதோடு நின்றுவிட்டன. காக்கப்பட வேண்டியவள் காவலனுக்கு அஞ்சும் இடத்தில், எத்தனை ஊரில் அமைதி நிலைத்தது என்ற பேச்சுக்கே பொருளில்லை.

அதே ஹெயிட்டிக்கு 2023-இல் மற்றொரு வகைப் பணியை அனுமதித்தார்கள்: ஐ.நா. நடத்தாமல், கென்யா தலைமையில் பன்னாட்டுக் காவலர் செல்வது. 2,500 பேர் என்று திட்டம். செலவுக்கு விரும்பிய நாடுகள் விரும்பிய தொகையைத் தரலாம் என்று ஏற்பாடு. உண்டியல் ஏந்திக் காவல்நிலையம் நடத்துவதுபோலத்தான். 2024 ஜூனில் முதல் குழு சென்றது. ஓராண்டு கழிந்தும் ஆயிரம் பேரளவிலேயே நின்றது. தலைநகரின் பெரும்பகுதி கொள்ளைக் கும்பல்களின் கையிலேயே இருந்தது. 2025 செப்டம்பரில் அதை 5,500 பேர் கொண்ட வேறொரு படையாக மாற்றத் தீர்மானித்தார்கள்.

கோமாவுக்கு வருகிறேன். காங்கோ நாடு தமிழ்நாட்டைப் போல் பதினெட்டு மடங்கு பரப்புடையது. அங்கே ஐ.நா. படை 1999 முதல் இருக்கிறது. உச்சத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். 2012 நவம்பரில் எம்-23 முதன்முறை கோமாவுக்குள் நுழைந்தபோது நீலத் தொப்பி பார்த்து நின்றது. மறு ஆண்டு, தாக்கும் அதிகாரத்தோடு தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர் கொண்ட படைப்பிரிவு ஒன்றைச் சேர்த்தனர். அதே வேளையில், கிளர்ச்சியாளருக்கு உதவுவதாகக் குற்றம் சாட்டப்பட்ட ருவாண்டாவுக்குப் பல நாடுகள் நிதியுதவியை நிறுத்தின. 2013 நவம்பருக்குள் எம்-23 ஒடுங்கியது. படை மட்டுமா ஒடுக்கியது? படையும் பணப்பையும் ஒரே திசையில் இழுத்தன. 2021 இறுதியில் எம்-23 மீண்டும் தலையெடுத்தபோது, தலைநகரங்களில் அந்த உறுதி இல்லை. காங்கோ அரசே ஐ.நா.வை வெளியேறச் சொல்லிற்று. 2024 ஜூனில் தென் கிவுவிலிருந்து வெளியேறியும் விட்டது. 2025 ஜனவரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

ஓராண்டுக்கு உலகமெங்கும் உள்ள ஐ.நா. அமைதிப் பணிகளின் செலவு 2024-25-இல் ஏறத்தாழ 560 கோடி டாலர். உலக நாடுகள் 2024-இல் இராணுவத்துக்குச் செலவிட்ட தொகை 2,70,000 கோடி டாலர். அந்தச் சிறு தொகையையும் கட்டாமல் பாக்கி வைத்ததால், 2025 அக்டோபரில் ஐ.நா. தன் அமைதி வீரரில் நான்கில் ஒரு பங்கினரைத் திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தது. ஆணை எழுதுவோரும் பணம் கட்ட வேண்டியோரும் பெரும்பாலும் செல்வ நாட்டினர். வெயிலில் நிற்போர் நேபாளம், வங்கதேசம், ருவாண்டா, இந்தியா போன்ற நாட்டினர். ஆம், ருவாண்டாவும், கைவிடப்பட்ட நாடே பிறர்க்குக் காவலர் அனுப்புகிறது. கோமாவில் அந்நாட்டின் மீதே குற்றச்சாட்டு நிற்பதையும் மறக்கலாகாது. உலகம் அவ்வளவு நேரான கோட்டில் ஓடுவதில்லை.

இவற்றையெல்லாம் ஒரு மாலை ஹவில்தாரிடம் சொன்னேன். கோமா வீழ்ந்தது அனுப்பியவர்களின் கணக்கில் எழுத வேண்டியது. உங்கள் ஏட்டில் அன்று என்றேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, தங்கள் முகாமுக்கு அருகே வாரம் ஒருமுறை சந்தை கூடும் என்றார். மரவள்ளிக் கிழங்கையும் கரியையும் சுமந்து பெண்கள் காட்டுப் பாதையில் வரவேண்டும். தனியே வந்தால் வழியில் என்ன நேரும் என்பது எல்லார்க்கும் தெரியும். ஆகவே சந்தை நாளன்று விடியுமுன் இவர்கள் இரு வண்டிகளில் அப்பாதையில் மெல்லச் செல்வார்கள். வண்டிகளுக்கு நடுவே அப்பெண்கள் வரிசையாக நடந்து வருவார்கள். மொழி தெரியாது, பேசியதில்லை. ஒருத்தி மட்டும் ஒருநாள் இரண்டு கிழங்கை வண்டியில் வைத்துவிட்டுப் போனாளாம்.

“நாங்கள் இருந்தவரை சந்தை ஒரு வாரமும் தவறவில்லை, சாமி. எழுதுவதானால் அதையும் எழுதுங்கள்” என்றார்.

எழுதிவிட்டேன்.